யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை

எங்கள் கல்லூரியில் உளவியல் படிக்க வருகிறவர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் தமிழ் உண்டு. பகுதி ஒன்று என்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் மணி பெரும்பாலும் தமிழுக்குத்தான் ஒதுக்கப்படும். தூங்குகிறவர்கள் தமிழில் தூங்கட்டும் என்று கால அட்டவணை போடுகிறவர்கள் நினைப்பார்கள் போல. 2018இல் அப்படியொரு மதியத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். பாடத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்துவிட்டுத் தன் சொல்லில் பொருள் சொல்லத் தொடங்கினாள். "அந்தம்மா என்ன சொல்லுதாங்கன்னா..."

"சொல்லுதாங்க இல்லம்மா, சொல்றாங்க. தமிழ் வகுப்புல தமிழ் பேசு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். 'சொல்றாங்க' என்பதும் ஒரு வட்டார வழக்குதான். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் ஓடுவதால் பொதுத்தமிழ் என்று பெயர் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அன்று இது தோன்றவில்லை. அதன் பிறகு நெடுநாள் என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவது இன்னொரு கல்வி நிறுவனத்தைப் பற்றி. அங்கே நடந்ததைக் கேட்டு நான் கொதித்தபோதெல்லாம் இந்த மதியம் நினைவுக்கு வந்து என் குரலைத் தாழ்த்தியிருக்கிறது. அவள் வாசித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவள் ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகை வைத்துக்கொண்டு பேசியபடியே நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த தெரு. நான் பிறந்த சாதிக்காரர்கள் அந்தத் தெருவுக்கு வரமாட்டார்கள். உளவியல் ஏன் எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன். சித்தியால் என்றாள். சித்தி திடீரென்று ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டாளாம். கோடாங்கியிடம் காட்டினார்கள், ஏர்வாடிக்குக் கூட்டிப்போனார்கள், கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு. "அந்த டாக்டரு சித்தியப் பாக்கவே இல்ல மேம். என்ன செய்யுதுன்னு சித்தப்பாகிட்டதான் கேட்டாரு. சித்தப்பா அடிச்சதாலதான் சித்தி பேசாம இருந்தா." சித்தப்பாவின் வாய்வழியாகவே சித்தியின் நோய் பதிவாகி, மாத்திரை வந்தது. அந்த அறையில் சித்தியிடம் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் என்பதுதான் அவள் படிப்பின் தொடக்கம்.

2020 பிப்ரவரி. நான்காம் பருவத்தில் சங்க இலக்கியம். சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வழியில் எதிர்ப்படும் இன்னொரு ஏழையிடம், இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், உன் வறுமை தீரும் என்று சொல்வது. விறலியை ஆற்றுப்படுத்தும் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஆனால் பத்துப்பாட்டில் அவள் பெயரில் நெடும்பாட்டு இல்லை. இதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வறுமையைச் சொல்லும் ஓரிடம் வரும். அடுக்களையில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது. பசியில் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். பழி பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள். இருபது வருடமாக இந்தப் பகுதியை நடத்துகிறேன். அந்த அடைத்த கதவைத் தாண்டும்போது குரல் கொஞ்சம் மாறிவிடும்.

அன்று கடைசி வரிசையிலிருந்து கை உயர்ந்தது.

"மேம், கவுன்சலிங்குக்குத் தமிழ்ல ஆற்றுப்படுத்துதல்னுதான எங்க புத்தகத்துல போட்டிருக்கு. அது இதுலேருந்து வந்ததா?"

ஆறு என்றால் வழி, ஆற்றுதல் என்றால் தணித்தல், இரண்டும் அந்தச் சொல்லில் கேட்கிறது என்றேன்.

"அப்ப வழி சொல்லுதவன் அந்த வழியில நடந்திருக்கணும்லா?"

'சொல்லுதவன்' என்றாள். இந்த முறை நான் திருத்தவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதிலும் இல்லை. அடுத்த மாதமே கல்லூரிகள் மூடப்பட்டன.

2021இல் ஒரு பெருநகரத்தில் ஆற்றுப்படுத்தும் உளவியலில் முதுநிலை சேர்ந்தாள். கல்விக்கடன் வாங்கித்தான். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி, "இங்கிலீஷ்ல சமாளிச்சிருவீங்களா?" பயிற்சிக்காக அவர்களிடம் அனுப்பப்படுகிறவர்களோ வீட்டு வேலை செய்கிறவர்கள், துணிக்கடையில் நின்றபடி வேலை பார்க்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநரின் மனைவிகள். அத்தனை பேரும் தமிழில்தான் அழுவார்கள். அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஈரக்குலை நடுங்குகிறது என்று ஒருத்தி சொன்னால் பதிவேட்டில் 'ஆங்சைட்டி' என்று இருக்கும். மேற்பார்வையாளர் அந்தப் பதிவேட்டை வாசித்துத்தான் மாணவியை மதிப்பிடுவார். நடுங்கிய ஈரக்குலை அவர் மேசைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

பயிற்சி மாணவிகள் தாங்களும் ஓர் உளவியலாளரிடம் பத்து அமர்வு போய்வர வேண்டும் என்று ஒரு விதி. நல்ல விதிதான், மற்றவர் மனதைத் தொடப்போகிறவர் தன் மனதையும் பார்க்க வேண்டும். ஆனால் செலவு மாணவியுடையது. ஓர் அமர்வுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அம்மா நாலைந்து நாள் பீடி சுற்ற வேண்டும். போன முதல் நாளே அந்த உளவியலாளர் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா பெயர் என்ன என்று கேட்டாராம். நம் ஊரில் இந்தக் கேள்விகளை யார் எதற்குக் கேட்பார்கள் என்பது கேட்கப்படுகிறவருக்குத் தெரியும். மீதி ஒன்பது அமர்வும் அவள் பரீட்சையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தாள்.

முதலாண்டின் முடிவில் ஒரு நாள். வகுப்பில் ஒரு பதிவை வைத்து விவாதம். ஆள் யாரென்று அவள் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னாள்: "நான் யாரு வீட்டுக்குள்ளயும் போறதில்ல." வகுப்பு இதைச் சமூகத்திலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் அறிகுறியாக எடுத்துக்கொண்டது. மனச்சோர்வுக்கான மற்ற அறிகுறிகளோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதியாயிற்று. இவள் எழுந்து கேட்டிருக்கிறாள்.

"அவங்களாப் போகலையா, இல்ல விடலையா? அதக் கேட்டாச்சா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மேற்பார்வையாளர் அவளைத் தனியே கூப்பிட்டு, "உங்க சொந்த அனுபவத்தை நீங்க கேஸுக்குள்ள கொண்டுவர்றீங்க. இந்தத் தொழில்ல அது ஆபத்து" என்றார். அவள் அறிக்கையில் அப்படியே எழுதவும் செய்தார்.

அந்த அம்மாள் மனச்சோர்வோடு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்க நான் யார். ஆனால் வீடுகளுக்குள் தடையில்லாமல் போய்வந்து வளர்ந்த இருபது பேருக்கு அந்த வாக்கியம் ஒரே ஒரு பொருளைத் தந்ததே, அதுவும் அவரவர் சொந்த அனுபவம்தானே? அதை யாரும் கேஸுக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லவில்லை. அதற்கு அறிவு என்று பெயர்.

அன்றிரவு விடுதி மொட்டைமாடியிலிருந்து எனக்குப் பேசினாள். முழுவதையும் கேட்டுவிட்டு, இத்தனை பெண்ணியம் பேசிய நான் சொன்ன அறிவுரை இது: "இன்னும் ஒரு வருஷம்தானம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிரு."

"சரி மேம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்ககிட்ட வர்றவங்ககிட்ட இப்படிச் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு முதல் பாடமே இருக்கு மேம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தத் துறைக்குப் பன்மைத்துவத்தில் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாமாண்டில் ஒரு முழுநாள் பயிலரங்கம் வைத்தார்கள். 'பிரிவிலேஜ் வாக்' என்று ஒரு பயிற்சி, கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாரையும் ஒரே கோட்டில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வீட்டில் புத்தக அலமாரி இருந்தவர்கள் ஓரடி முன்னே. பெற்றோர் கல்லூரியில் படித்தவர்கள் ஓரடி முன்னே. சாதியின் பேரால் அவமானப்பட்டவர்கள் ஓரடி பின்னே. பணமில்லாமல் சாப்பிடாமல் படுத்தவர்கள் ஓரடி பின்னே. நல்ல நோக்கம்தான். முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்துத் தங்கள் இடத்தை உணர வேண்டும் என்பதற்காக.

"செவரு முதுகுல இடிச்சிட்டு மேம். அதுக்கு மேல பின்னால போக எடமில்ல. இன்னும் ரெண்டு கேள்வி மிச்சமிருந்துச்சு."

ஒன்றரை ஆண்டாக யாரிடமும் சொல்லாமல் காத்துவந்தது ஒரு மணி நேரத்தில் கூடத்தின் நடுவில் கிடந்தது. முன்வரிசையில் நின்றிருந்த ஒருத்தி ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாளாம். இவள்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் அவள் மற்றவர்களுக்குப் பாடப்பொருளாகிவிட்டாள், கட்டணமும் கட்டி.

அதே வகுப்பில் ஒரு திருநங்கை மாணவி இருந்தாள். பாவனைப் பயிற்சிகளில் ஒருவர் ஆற்றுப்படுத்துநர், ஒருவர் உதவி தேடி வருபவர். திருநர் ஒருவர் உதவி தேடி வருவதாகக் காட்சி அமைந்தால் அந்த வேடம் எப்போதும் அவளுக்குத்தான். எதிர் நாற்காலியில் உட்காரும் முறை அவளுக்கு அரிதாகவே வந்தது. சான்றிதழில் பழைய பெயர், விடுதியில் எந்தப் பக்கம் அறை தருவதென்ற குழப்பம் எல்லாம் சேர்ந்து இரண்டாம் பருவத்தோடு போய்விட்டாள். இத்தனைக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒருபால் இணையர் வழக்கில் தீர்ப்பு எழுதியது அவர்கள் சேர்ந்த 2021ஆம் ஆண்டில்தான். இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னவர் அவர். பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொன்னதும் அந்த வழக்கில்தான். அந்தத் தீர்ப்பு அவர்கள் வகுப்பில் பாடமாக நடத்தப்பட்டது. தனக்குத் தெரியாது என்று ஒரு நீதிபதி சொன்ன பகுதியை மட்டும் அந்தத் துறை தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 18ஆம் பிரிவை நான் தேடிப் படித்தேன். பால், பாலீர்ப்பு, மதம், சாதி, வர்க்கம், உடற்குறை என எதன் அடிப்படையிலும் சிகிச்சை பெறுவதில் பாகுபாடு கூடாது என்கிறது. சாதி என்ற சொல் அதில் இருப்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பிரிவு மேசையின் ஒரு பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. மறுபக்க நாற்காலிக்கு யார் வந்துசேர்கிறார்கள், யார் வழியிலேயே இறக்கிவிடப்படுகிறார்கள் என்பது அதன் வேலை இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலச் சிக்கலோடு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றும் சொல்கிறது. ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். வந்த ஆளை அனுப்பிவிடுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2023 தொடக்கத்தில் களப்பயிற்சியில் அவளைத் தேர்ச்சியில்லை என்று போட்டார்கள். 'தொழில்முறை விலக்கத்தைக் கடைப்பிடிப்பதில் குறைபாடு' என்பது காரணம். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அதன்பின் பதினொரு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. 2019இல் மும்பையில் இறந்துபோன பாயல் தட்வியின் முகம் எனக்கு வந்துவந்து போனது. பழங்குடிச் சமூகத்திலிருந்து மருத்துவ மேற்படிப்புக்கு வந்த பெண். சீனியர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டிய வழக்கு. பன்னிரண்டாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். பதறி எழுந்து, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து முற்றத்து வேப்பமர நிழலில் போட்டுத் துடைத்தார். பக்கத்து வீட்டுப் பையனைக் கடைக்கு விரட்டி ஒரு பாட்டில் கலர் வாங்கிவரச் சொன்னார். மூடி திறக்காத பாட்டில். அவள் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு மணி நேரம் பேசினோம். படிப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடி பல்லைக் கடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தால் முடிப்பாய் என்று மட்டும் கேட்டேன். கலரைக் குடித்துவிட்டு ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

பஸ் ஆலங்குளம் தாண்டியிருக்கும். அப்போதுதான் உறைத்தது. நான் அந்த வீட்டுக்குள் போகவே இல்லை. அவர்கள் சொம்பில் தண்ணீர் குடிக்கவும் இல்லை. அவர்கள் கூப்பிடவில்லையா, நான் போகவில்லையா? என் சாதி இன்னதென்று அவள் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே உட்கார வேண்டும் என்பது எனக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்திருக்கிறோம்.

அவள் கேட்டவை பெரிய காரியங்கள் இல்லை. தேர்ச்சியில்லை என்றால் என்ன தவறு என்று உதாரணத்தோடு எழுத்தில் வேண்டும். மேற்பார்வையும் மதிப்பெண்ணும் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. பேச்சைத் தமிழில் எழுதி, தமிழிலேயே விவாதிக்க அனுமதி வேண்டும். மூன்றையும் கடிதமாக எழுதினோம். யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அங்கேயும் இருந்தார், பெயர்ப்பலகையோடு. அவள் யார் மேல் முறையிடப் போனாளோ அவரேதான் அந்த அலுவலர். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அவளும்தான்.

மூன்றில் முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் நான் இரண்டுமுறை நேரில் போன பிறகு. பேராசிரியர் என்று சொன்னதும் எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி அறைக்குள்தான் இருந்தது.

உண்மையில் அவளைக் காப்பாற்றியது வேறொருவர். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். தோழி ஒருத்தி மூலம் கிடைத்தார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு மணி நேரம், காசு வாங்காமல், தமிழில் இவள் பயிற்சியைக் கேட்டார். அவரும் இவளைத் திருத்தினார், நன்றாகவே திருத்தினார். ஒருமுறை, "விடலையான்னு நீ கேட்டது சரி. ஆனா அந்தம்மா பதில் சொல்லுறதுக்கு முந்தி நீயே தலையாட்டிட்டியே, அது தப்பு" என்றாராம். முன்பு மேற்பார்வையாளர் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே என்று கேட்டேன். "இல்ல மேம். அவங்க என்னைய வாயை மூடச் சொன்னாங்க. இவங்க காதைத் தொறக்கச் சொல்லுதாங்க." ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் தன் கதையைச் சொல்வது எதிரில் இருப்பவன் போய்ச்சேர வேண்டிய இடத்துக்காகத்தான். தன் பசியைச் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டால் இருவரும் ஊர் போய்ச்சேர முடியாது. இதை அந்த அம்மையார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். 2020இல் அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் மீதிப் பதில் போலிருக்கிறது. எல்லா மாணவிகளுக்கும் தோழி வழியாக ஓர் அம்மையார் கிடைப்பார் என்று நம்பி ஒரு துறையை நடத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓராண்டு தாமதமாக 2024இல் தேர்ச்சி பெற்றாள். ஓராண்டுக் கடன் வட்டி அவள் கணக்கில்தான். வகுப்பை விட்டுப்போன திருநங்கை மாணவி இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறாள், படிப்பைத் தொடரவில்லை.

இவள் இப்போது ஒரு மருத்துவமனையில் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம். மக்கள் சொல்வது ஒரு பக்கம், பதிவேட்டில் எழுத வேண்டியது மறுபக்கம். நெஞ்சு படபடங்கு, மனசு கெடந்து அடிச்சுக்கிடுது, ஒண்ணும் ஓடமாட்டேங்கு என்று அவள் சொல்லச் சொல்ல, நான் எதையும் திருத்தாமல் எழுதுகிறேன். போன வாரம் அந்தப் பழைய அறிகுறிக்கு வந்தோம். 'சமூக விலகல்' என்று எழுதினேன்.

"அது தன்வினைலா மேம்? நீங்கதான நடத்துனீங்க. விலகல் தன்வினை, விலக்கல் பிறவினை. ரெண்டும் வேணும்."

எழுதினேன், இரண்டையும். ஆனால் மருத்துவமனைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. அவள் பேனாவால் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்துகொள்கிறாளாம். மேலே இருப்பவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்றாள்.